அம்ப் (அம்ப்ளிஃபயர்) திருத்தப் பழகும் பொடியள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடி பிறந்தால் யாழ்ப்பாணத்தில் சவுண்ட் சேர்விஸ்காரருக்கு நித்திரை இல்லை. நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னும் பின்னும் ஊர்க்கோயில் திருவிழாக்கள் வரிசையாக வரும், பழுதான அம்ப்புகளும் கூடவே வரும். தொழில் பழகும் பொடியளைப் பார்க்கிறேன். எங்கள் காலத்துப் பிழைகளையே திரும்ப விடுகிறார்கள். மியூட் பட்டன், கழன்ற பிளக், செத்த பற்றரி பற்றி இங்கே சொல்லப் போவதில்லை.

எரிந்ததை மாற்றிவிட்டு நேரே கரண்ட் கொடுப்பது

இதைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். இணுவில் பக்கமிருந்து ஓர் அம்ப் வந்தது. பியூஸ் போடப் போட எரிந்திருக்கிறது. முதலில் திருத்திய தம்பி, சோர்ட்டான அவுட்புட் ட்ரான்சிஸ்ரர் இரண்டை மட்டும் மாற்றி, ஸ்பீக்கரையும் கொழுவி, சுவிட்சைப் போட்டிருக்கிறார். புதியவை இரண்டும் போய், நன்றாக இருந்த மற்றவையும் போய், டிசி (நேர்மின்னோட்டம்) நேரே இறங்கி 18 அங்குல பாஸ் ஸ்பீக்கரின் கொயிலும் கருகிவிட்டது. அந்த ஸ்பீக்கர்தான் சொந்தக்காரருக்குப் பெரிய நட்டம்.

அவுட்புட் ட்ரான்சிஸ்ரர் போகும்போது பெரும்பாலும் தனியே போகாது. அதை ஓட்டும் டிரைவர் ட்ரான்சிஸ்ரரையும் எமிற்றரில் இருக்கும் 0.22, 0.33 ஓம் ரெசிஸ்ரர்களையும் இழுத்துக்கொண்டு போகும். சத்தம் இல்லாதபோது ஓடும் கரண்டை அளவாக வைக்கும் பயஸ் பகுதியும் கெட்டிருக்கலாம். எல்லாவற்றையும் அளந்து பார்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் எரியும். 5200, 1943 என்ற அவுட்புட் ட்ரான்சிஸ்ரர் சோடியில் போலி நிறையப் புழங்குகிறது, நம்பிக்கையான கடையில் வாங்குங்கள்.

அப்புறம், 100 வாற் இழை பல்ப் ஒன்றை மெயின் வயரில் சீரிஸாகப் போடுங்கள். எல்ஈடி பல்ப் சரிவராது. ஸ்பீக்கர் கொழுவக் கூடாது. சுவிட்ச் போட்டதும் பல்ப் பளிச்சென்று எரிந்து மங்கினால் கப்பாசிற்றர்கள் சார்ஜ் ஆகிவிட்டன, பெரிய சோர்ட் இல்லை. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்துங்கள். உள்ளே சோர்ட் இன்னும் இருக்கிறது, ஆனால் பல்ப் கரண்டைக் கட்டுப்படுத்துவதால் புதுச் சாமான் தப்பிவிடும். மங்கிய பிறகு அவுட்புட்டில் டிசி அளந்து பாருங்கள். சில பத்து மில்லிவோல்றுக்குள் இருந்தால் பல்பை எடுத்துவிட்டு மறுபடி அளந்து, அதன் பிறகு ஸ்பீக்கர். இது ட்ரான்ஸ்போமர் உள்ள அம்ப்புக்கான முறை. சுவிட்ச் மோட் சப்ளை உள்ளவை பல்போடு ஒழுங்காக ஸ்டார்ட் ஆகாமல் உங்களைக் குழப்பக்கூடும்.

கப்பாசிற்றரை ஸ்க்ரூ டிரைவரால் சோர்ட் பண்ணுவது

வேண்டாம். ரெசிஸ்ரர் வைத்துச் சார்ஜை இறக்கி, இறங்கிவிட்டதா என்று மீற்றரில் பாருங்கள்.

ஊம் சத்தத்துக்கு எர்த்தை வெட்டுவது

மைக் பிடிப்பவரின் உயிர் போகும். வாத்தியத்தை மிக்சரில் கொழுவும் டிஐ பொக்ஸில் கிரவுண்ட் லிஃப்ற் சுவிட்ச் இருக்கிறது, அது சிக்னல் கிரவுண்டை மட்டும்தான் பிரிக்கும்.

ஒரு சனலில் மூன்று 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டி

பரலலில் 2.67 ஓம். 4 ஓமுக்குக் கீழே போகக் கூடாத அம்ப் என்றால் கொழுவாதீர்கள்.

மிக்சரில் சர்க்யூட் போர்ட்டைச் சந்தேகிப்பது

கடற்காற்று ஊரில் முதலில் பார்க்க வேண்டியது கொன்ராக்ட். சனலில் சத்தம் குறைந்தால், விட்டுவிட்டு வந்தால், வெளிக்கருவி கொழுவும் இன்சேர்ட் சொக்கெற்றில் ஒரு ஜாக்கை நாலைந்து தரம் செருகி எடுங்கள். ஒன்றும் செருகாதபோது சிக்னல் அந்தச் சொக்கெற்றின் உள்தகடு வழியாகத்தான் போகிறது. அது களிம்பு பிடித்தால் சனல் செத்தது போலிருக்கும். சத்தம் திரும்பினால் கொன்ராக்ட் கிளீனர் அடியுங்கள், போர்ட்டில் கை வைக்கத் தேவையில்லை.