சிகாகோவுக்குப் புதிதா? ஏரிக்கரையில் தொடங்குங்கள்

வேலை மாறி வந்தவர்கள், படிக்க வந்தவர்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அம்மா அப்பாக்கள் என்று பலரும் சிகாகோவில் இறங்கியதும் செய்வது ஒன்றுதான். ஐந்தாறு இடங்களுக்கான டிக்கெட்டைச் சேர்த்து விற்கும் பாஸை வாங்கிவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். மூன்று நாளில் ஊரைச் சுற்றிவிட்டு விமானம் ஏறுகிறவர்களுக்கு அது சரி. இங்கேயே குடியிருக்கப் போகிறவர்கள் அவசரப்பட வேண்டாம். இந்த ஊரில் பார்க்க வேண்டியதில் பாதிக்குக் காசே கிடையாது, மீதியில் பலவற்றுக்கு உள்ளூர்க்காரர்களுக்கென்று தனிக் கட்டணம் உண்டு.

காசு கேட்காமல் இருப்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 1836-இல் வரைந்த நிலப்படத்தில் மிச்சிகன் ஏரியின் கரைத் துண்டு ஒன்றின் மேல், இது பொது நிலம், எந்தக் கட்டடமும் தடுப்பும் இல்லாமல் என்றைக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். பிற்பாடு அதில் கட்டடம் எழுப்பும் ஆசை வந்தபோது, தபால் வழி வியாபாரத்தில் பணம் சேர்த்த மாண்ட்கோமெரி வார்டு 1890-இல் தொடங்கி இருபது வருடம் கோர்ட்டுக்கு அலைந்து தடுத்தார். அந்த நிலம்தான் இப்போதைய கிராண்ட் பார்க். தண்ணீரை ஒட்டி 29 கிலோமீட்டர் நடைபாதை ஓடுகிறது. நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனித்தனித் தடம். தடம் மாறி நடந்தால் பின்னாலிருந்து ஒரு அதட்டல் வரும்.

முதலில் திசை. ஏரி எப்போதும் கிழக்கே இருக்கும். ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் வெட்டிக்கொள்ளும் முனைதான் ஊருக்குப் பூஜ்யம். கதவிலக்கம் பெரும்பாலும் 800 கூடினால் ஒரு மைல் போயிருக்கிறீர்கள் என்று கணக்கு. தெருக்கள் அநேகமாக நேர் கிழக்கு மேற்கு என்பதால் மார்ச், செப்டம்பர் மாதங்களில் இரவும் பகலும் சமமாகும் நாட்களையொட்டி, சூரியன் தெருவின் நட்டநடுவில், இரண்டு கட்டட வரிசைக்கு இடையே இறங்கும். பார்க்க வேண்டிய காட்சி. மெரினாவில் போலவே இங்கேயும் தண்ணீருக்கு மேல் சூரியன் உதிக்கும், மறுகரை தெரியாது. வாசனையில் மட்டும் உப்பு இருக்காது.

மிலேனியம் பார்க்கில் இருக்கும் பெரிய எஃகு உருண்டையை எல்லோரும் பீன் என்றுதான் சொல்வார்கள். செய்தவர் மும்பையில் பிறந்த அனீஷ் கபூர். 168 எஃகுத் தகடுகளை ஒட்டியிருக்கிறார்கள், ஆனால் விரலால் தடவிப் பார்த்தாலும் ஒட்டுத் தெரியாது. வெளியே நின்று படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். அடியில் நுழைந்து, நடுக்குழிக்கு நேர்கீழே நின்று மேலே பாருங்கள். நீங்களே நாலைந்து பேராக, ஒருவர் காலிலிருந்து இன்னொருவர் முளைப்பது போல வளைந்து தெரிவீர்கள். கூட்டம் சேர்வதற்கு முன், காலையில் போவது நல்லது. பக்கத்தில் கிரவுன் நீரூற்று. 15 மீட்டர் கண்ணாடிக் கோபுரங்கள் இரண்டு, அதில் இந்த ஊர்க்காரர்களின் முகங்கள். கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும் முகம் திடீரென்று உதட்டைக் குவித்துத் தண்ணீரைத் துப்பும். பிள்ளைகள் நனையாமல் வரமாட்டார்கள், மாற்றுத் துணி கொண்டு போங்கள். தண்ணீர் கோடையில் மட்டும்தான். இன்னொன்று: வியாழன் முதல் ஞாயிறு வரை மாலை 6 மணிக்கு மேல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் பெரியவர் துணையில்லாமல் இந்தப் பூங்காவுக்குள் போக முடியாது. டீன் ஏஜ் பிள்ளைகளைத் தனியாக அனுப்புகிறவர்கள் கவனிக்க.

காசு கொடுத்துப் போவதில் என் முதல் ஓட்டு ஆர்ட் இன்ஸ்டிடியூட்டுக்குத்தான். தமிழர்களுக்கு அங்கே இரண்டு காரணம் இருக்கிறது. வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும் அந்தக் கட்டடத்தில்தான் 1893 செப்டம்பர் 11 அன்று சர்வசமயப் பேரவை கூடியது. "சகோதரிகளே, சகோதரர்களே" என்று விவேகானந்தர் தொடங்கியது இங்கே. அவரை அனுப்பச் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டியது அளசிங்கப் பெருமாளும் அவருடைய நண்பர்களும். போகச் சொல்லி ஊக்கம் கொடுத்தவர்களில் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியும் ஒருவர். வாசலுக்கு முன்னே மிச்சிகன் அவென்யூவில் சுவாமி விவேகானந்தா வே என்று ஒரு பழுப்புப் பலகை உண்டு. ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுவது அதன் கீழேதான். சிலர், விவேகானந்தர் அதே வருடம் நடந்த உலகக் கண்காட்சி மைதானத்தில் பேசினார் என்று நினைத்துக்கொண்டு ஜாக்ஸன் பார்க் போய்த் தேடுகிறார்கள். கண்காட்சி நடந்தது அங்கேதான், பேச்சு நடந்தது இங்கே.

இரண்டாவது காரணம் உள்ளே, ஆசியக் கலைப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறார். நாகப்பட்டினத்துக் கருங்கல் புத்தர், 12-ஆம் நூற்றாண்டு, சோழர் காலம். உட்கார்ந்த நிலையிலேயே ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரம். சுருள் முடி, மடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த கைகள், பாதி மூடிய கண். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் நாகையில் சூடாமணி விகாரம் கட்டியதையும், அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தை விட்டுக்கொடுத்ததையும் பாடத்தில் படித்தவர்கள் இந்தச் சிலைக்கு முன் கொஞ்ச நேரம் நிற்பார்கள். அந்த ஊர் எத்தனை பெரிய துறைமுகமாக இருந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எப்போதும் இலவசம். வாரத்தில் சில நாள் மூடியிருக்கும், இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, உள்ளூர்க்காரர் கட்டணம் என்று சொன்னேன் அல்லவா? இல்லினாய் மாநில ஐடியோ ஓட்டுநர் உரிமமோ கைக்கு வந்ததும் அதை வாங்கிக்கொள்ளலாம். பூங்கா நிலத்தில் இருக்கும் அருங்காட்சியகங்கள் வருடத்துக்கு 52 நாள் மாநிலவாசிகளை இலவசமாக விட வேண்டும் என்பது சட்டம். ஃபீல்ட் மியூசியம், ஷெட் அக்வேரியம், ஆட்லர் கோளரங்கம் மூன்றும் ஒரே வளாகத்தில் ஏரியை ஒட்டி இருக்கின்றன. தங்கள் இலவச நாட்களை அவரவர் தளத்தில் போடுவார்கள். சில நாட்களுக்கு முன்பதிவும் தேவைப்படும். நூலக அட்டை இருந்தால் அங்கேயும் விசாரியுங்கள், குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கு அருங்காட்சியக பாஸை நூலகங்கள் இரவல் தருகின்றன. விசிட்டர் விசாவில் வந்த அம்மா அப்பாவுக்கு இதெல்லாம் பொதுவாகக் கிடைக்காது. கூட்டிப்போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அதையும் யோசியுங்கள்.

ஃபீல்டில் சூ என்ற டைரனோசரஸ் எலும்புக்கூடு இருக்கிறது. 1990-இல் கிடைத்தது, 1997-இல் 80 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்தார்கள். டைனோசர் பைத்தியமுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் ஒரு நாள் அதிலேயே போய்விடும். கோளரங்கத்துக்குள் போகாவிட்டாலும் அதன் வெளிப் புல்வெளிக்குப் போங்கள். ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் அது. டவுன்டவுன் முழுவதும் தண்ணீருக்கு அக்கரையில் நிற்பது போலத் தெரியும். விளக்கு ஏற்றும் நேரத்தில் போனால் கிளம்ப மனசு வராது.

உயரத்திலிருந்து பார்க்க இரண்டு கோபுரம், ஒன்று போதும். வில்லிஸ் டவரின் 103-ஆவது மாடியில் கண்ணாடித் தரையோடு வெளியே நீட்டிய பெட்டியில் நிற்கலாம். எனக்குப் பிடித்தது பழைய ஜான் ஹான்காக் கட்டடத்தின் 94-ஆவது மாடி. உயரம் குறைவு, ஆனால் ஏரி பக்கத்தில். இரண்டுக்கும் கட்டமைப்புப் பொறியாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். மேகம் இறங்கிய நாளில் மேலே போனால் வெள்ளைத் துணி கட்டிய ஜன்னலைத்தான் பார்ப்பீர்கள். அண்ணாந்து பார்த்து உச்சி தெரிகிறதா என்று உறுதி செய்துகொண்டு டிக்கெட் வாங்குங்கள்.

படகுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. கட்டடங்களைப் பற்றி விளக்கம் சொல்லிக்கொண்டே சிகாகோ ஆற்றில் போகும் படகு ஒன்றரை மணி நேரம் ஓடும். கழிவெல்லாம் குடிநீர் எடுக்கும் ஏரியில் போய்க் கலக்கிறது என்று 1900-இல் இந்த ஆற்றைத் திருப்பி ஓடவிட்டார்கள். அவ்வளவு செலவு வேண்டாம் என்றால் கோடையில் வாட்டர் டாக்ஸி ஓடுகிறது, விளக்கம் இருக்காது, காற்றும் காட்சியும் அதேதான். ஏரிக்குள் நீளும் நேவி பியர் துறை கூட்டமான இடம். கோடையில் புதன், சனி இரவு வாணவேடிக்கைக்கு மட்டும் போகலாம், அதையும் சற்றுத் தள்ளிக் கரையில் உட்கார்ந்து பார்ப்பது சுகம்.

ஏரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அலை சின்னதாகத் தெரிகிறது, கடல் இல்லையே என்று இறங்கிவிடக் கூடாது. கான்கிரீட் கரைகளை ஒட்டி இழுப்பு பலமாக இருக்கும், ஜூனில்கூடத் தண்ணீர் ஐஸ் போல இருக்கும். மே கடைசியிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில் மட்டும் குளியுங்கள். சிவப்புக் கொடி பறந்தால் கால்கூட நனைக்க வேண்டாம். குளிர்காலத்தில் கரையோரம் பனி கெட்டியாகத் தரை போல நிற்கும். அதன் மேல் ஏறவே ஏறாதீர்கள், அடியில் தண்ணீர்தான். வசந்தத்தில், ஏரியிலிருந்து தள்ளியிருக்கும் நேப்பர்வில் புறநகரில் டி-ஷர்ட் போதும் என்று கிளம்பினால் கரையில் நடுங்குவீர்கள். பையில் ஒரு ஜாக்கெட் எப்போதும் இருக்கட்டும்.

ஜனவரியில் என்ன செய்வது? கார்ஃபீல்ட் பார்க் கண்ணாடித் தோட்டத்துக்குப் போங்கள். வெளியே பனி, உள்ளே பனைவகையும் பெரணியும் ஈரக் காற்றும். கண்ணாடி போட்டவர்களுக்கு நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. சிகாகோ நகரவாசிகளுக்கு அனுமதி இலவசம். 'எல்' என்ற நகர ரயிலின் பச்சை வழித்தடத்தில் அதன் பேரிலேயே நிலையம் இருக்கிறது. டவுன்டவுனில் கல்ச்சுரல் சென்டர் என்ற பழைய நூலகக் கட்டடத்தில் 11 மீட்டருக்கு மேல் அகலமான டிஃபனி நிறுவனம் செய்த வண்ணக் கண்ணாடிக் குவிமாடம், அதுவும் இலவசம். லிங்கன் பார்க் மிருகக்காட்சி சாலைக்கு வருடம் முழுக்கக் கட்டணம் இல்லை.

போக்குவரத்துக்குக் காரைத் தொடாதீர்கள் என்பேன். பார்க்கிங் கட்டணம் சாப்பாட்டுச் செலவைத் தாண்டும், லோயர் வாக்கர் என்ற அடித்தளச் சாலையில் ஜிபிஎஸ் குழம்பிவிடும். ஆரோரா, நேப்பர்வில், ஷாம்பர்க் பக்கம் இருப்பவர்கள் மெட்ரா என்ற புறநகர் ரயிலில் யூனியன் ஸ்டேஷன் வந்தால் அங்கிருந்து மிலேனியம் பார்க் இருபது நிமிட நடை. வார இறுதிக்கு மலிவான நாள் பாஸ் உண்டு, பெரியவரோடு வரும் சின்னப் பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை. கடைசி ரயில் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் சுற்ற, பஸ்ஸுக்கும் 'எல்' ரயிலுக்கும் கட்டணம் கட்டும் வென்ட்ரா அட்டை போதும், நிறைய ஏறி இறங்கும் நாளில் அதிலேயே ஒரு நாள் பாஸ் போட்டுவிடுங்கள்.

அதிகம் நடக்க முடியாத பெரியவர்களுக்கு வடக்கே வில்மெட்டில் ஏரியைப் பார்த்தபடி இருக்கும் பஹாய் கோயில் பொருத்தம். ஒன்பது பக்கம், வெள்ளைச் சரிகை போன்ற குவிமாடம், உள்ளே அமைதி. டெல்லித் தாமரைக் கோயிலைப் பார்த்தவர்களுக்கு உடனே பிடிபடும். ஊதா வழித்தடத்தின் கடைசி நிலையமான லிண்டனில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும். லெமான்ட் என்ற புறநகரில் இருக்கும் இந்துக் கோயிலில் சாமியோடு விவேகானந்தரின் பெரிய வெண்கலச் சிலையும் இருக்கிறது. அதற்கு மட்டும் கார் வேண்டும், இல்லையென்றால் அந்தப் பக்கம் போகும் யாராவது ஒரு தமிழ்க் குடும்பத்தைக் கேளுங்கள், கூட்டிப்போவார்கள்.