டவ்டெயில்: மறுசுவரில் உடைகிற கட்டர்

மட்டக்களப்பு கல்லடியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டிலில் சின்ன மில்லிங் மெஷின் ஒன்றும் பழைய லேத் ஒன்றும் வைத்திருக்கிறேன். பழக வருகிற தம்பிமார் டவ்டெயில் (ஒரு பகுதி மற்றதில் வழுக்கி ஓடுவதற்கான, அடி அகன்று வாய் ஒடுங்கிய சாய்வுச் சுவர்ப் பள்ளம்) வெட்டத் தொடங்கினால் நான் பக்கத்தை விட்டு நகர்வதில்லை. முன்பு நான் விட்ட பிழைகளை அதே ஒழுங்கில் அவர்களும் விடுகிறார்கள். கண்ணாடி போடுவது, வேலைத்துண்டைப் பிடிக்கும் வைஸை இறுக்குவது எல்லாம் எவரும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

டவ்டெயில் கட்டராலேயே முழுப் பள்ளத்தையும் தோண்டுவது

முதலில் எண்ட் மில்லால் (நேர்ச்சுவர் வெட்டும் சாதாரண கட்டர்) நேரான பள்ளம். அடியில் 0.1 மி.மீ. மட்டும் விட்டு வையுங்கள். சாய்வை வெட்ட மட்டுமே டவ்டெயில் கட்டர்.

மறுசுவருக்குப் போகும்போது கைப்பிடி சுற்றும் பக்கத்தை மாற்றாதது

கல்முனையிலிருந்து வருகிற ஒரு தம்பி, லேத்துக்கு ஒரு சின்ன ஸ்லைடு (வழுக்கி நகரும் பகுதி) செய்துகொண்டிருந்தார். 60 பாகை டவ்டெயில், அடியில் 40 மி.மீ. அகலம், 8 மி.மீ. ஆழம். முதல் சுவர் கண்ணாடி மாதிரி வந்தது. “அண்ணன், வருது!” என்றார். சந்தோசமாக இருந்தது. நான் தண்ணி குடிக்க உள்ளே போனேன். கொட்டிலிலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஓடி வந்து பார்த்தால் கட்டரில் மூன்று பல் இல்லை, சுவரில் நகம் கீறியது போல ஆழமான பள்ளம், வேலைத்துண்டு வைஸில் சரிந்து கிடந்தது.

நடந்தது இதுதான். மேலிருந்து பார்த்தால் கட்டர் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. நமக்குத் தூரத்துச் சுவரை வெட்டும்போது பற்கள் இடமிருந்து வலமாக ஓடும். அப்போது டேபிள், அதாவது வேலைத்துண்டைச் சுமந்து நகரும் மேசை, இடப்பக்கம் போக வேண்டும். நமக்குக் கிட்டிய சுவருக்கு வந்தால் பற்கள் வலமிருந்து இடமாக ஓடும். அங்கே டேபிள் வலப்பக்கம் போக வேண்டும். முதல் சுவரில் இருபது தடவை ஒரே பக்கம் சுற்றிய கை, இரண்டாவது சுவரிலும் அதே பக்கம்தான் சுற்றும். தம்பியின் கையும் அப்படித்தான் சுற்றியிருக்கிறது.

டேபிள் போகிற பக்கமே பற்களும் இழுத்தால், டேபிளை நகர்த்தும் திருகுக்கும் நட்டுக்கும் இடையிலுள்ள ஆட்டம் அவ்வளவையும் டேபிள் ஒரே பாய்ச்சலில் பாய்ந்துவிடும். 0.3 மி.மீ. சீவ வேண்டிய பல் ஒரு கட்டியையே கவ்வும். வேறு கட்டராக இருந்தால் ஒருவேளை தாங்கும். டவ்டெயில் கட்டரின் பல் நுனி கூர்க்கோணத்தில் மெலிந்தது, கழுத்தும் ஒடுக்கம். யூடியூப்பில் சிஎன்சி மெஷின்கள் அப்படி வெட்டுகின்றனவே என்று கேட்பார்கள். அவற்றில் ஆட்டமில்லாத பால் ஸ்குரூ (குண்டுகள் மேல் உருளும் திருகு) இருக்கிறது. நம் கொட்டில் மெஷினில் அது கிடையாது.

எனக்கு இதே அடி விழுந்தது ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த வார்ப்பிரும்பு ஸ்லைடில். அவர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். இன்றைக்கும் யாராவது மறுசுவரில் பழைய பக்கமே சுற்றினால் எனக்குக் கோபம் வரும். கட்டர் போனால் இங்கே பக்கத்துக் கடையில் வாங்க முடியாது; கொழும்பிலிருந்து வரும் வரை வேலை நின்றுவிடும்.

ஆகவே இப்போது வைஸில் சோக்கால் இரண்டு அம்புக்குறி போடுகிறேன், சுவருக்கு ஒன்று. தம்பிமாரையும் போடச் சொல்கிறேன். திரும்பி வரும்போதும் இதே ஆபத்து உண்டு: ஒரு சீவல் முடிந்ததும் கட்டரைச் சுவரிலிருந்து அரை மி.மீ. விலக்கிய பிறகே டேபிளைத் திருப்புங்கள்.

இன்னொன்று. முதல் சில சீவல்களில் பல் நுனி மட்டும்தான் படும், வெட்டு லேசாக இருக்கும். துணிச்சல் வந்து 0.3 மி.மீ. 0.6 ஆகும். ஆனால் போகப் போகச் சாய்வு முழுவதும் கட்டரில் படும், சுமை ஏறும். கடைசியில் அளவைக் குறைக்க வேண்டும், கூட்டக்கூடாது. 25 மி.மீ. ஹைஸ்பீட் ஸ்டீல் கட்டர் என்றால் மைல்ட் ஸ்டீலில் நிமிடத்துக்கு 250 சுற்றுக்கு மேல் போகாதீர்கள்.

விளிம்பில் வேணியர் வைத்து அளப்பது

கூரான விளிம்பை நம்பாதீர்கள், அது பிசிறும், தேயும். ஒரே அளவான இரண்டு பேரிங் ரோலர்களை மூலைகளில் வைத்து அளவெடுங்கள். 60 பாகைக்குக் கணக்கு சுலபம். பெண் பகுதியில் (பள்ளம் உள்ள துண்டு), அடியின் அகலத்திலிருந்து ரோலர் விட்டத்தின் 2.732 மடங்கைக் கழித்தால் ரோலர்களுக்கு இடையிலான தூரம். மேலே சொன்ன ஸ்லைடில் 6 மி.மீ. ரோலர் வைத்தால் 23.61 மி.மீ. வர வேண்டும். ஆண் பகுதியில் (பள்ளத்துக்குள் வழுக்கும் துண்டு) ஒடுங்கிய இடத்தின் அகலத்தோடு அதே 2.732 மடங்கைக் கூட்டி, ரோலர்களுக்கு வெளியே மைக்ரோமீட்டர் வையுங்கள். ரோலர் சாய்வைத் தொடுகிற உயரம் அதன் விட்டத்தில் முக்கால் பங்கு. பள்ளம் அதைவிட ஆழமாக இருக்கட்டும்.

கிப்புக்கு இடம் விடும் கணக்கு

கிப் என்பது இரண்டு பகுதிக்கும் நடுவே, சாய்வுச் சுவரில் செருகி ஆட்டத்தைச் சரிசெய்யும் தகடு. 3 மி.மீ. கிப் என்றால் ஆண் பகுதியை 3 மி.மீ. ஒடுக்கினால் போதும் என்று நினைக்கிறார்கள். தகடு சாய்ந்து நிற்கிறது. கிடையாக அது பிடிக்கிற இடம் 3.46 மி.மீ. இதைக் கவனிக்காமல் விட்டு, பிறகு கிப்பை அரத்தால் ராவி ராவி வளைத்துவிட்டுக் கொண்டுவந்த ஒருவரிடம், “மனே, முதல்ல கணக்கப் போடு” என்று சொல்லியிருக்கிறேன்.

பூட்டாத அச்சு

அந்த வெட்டில் நகரத் தேவையில்லாத அச்சுகளை, அதாவது மெஷின் நகரும் மற்றத் திசைகளை, பூட்டுங்கள்.

வைஸிலிருந்து கழற்றிப் பொருத்திப் பார்ப்பது

கழற்றாதீர்கள். ஆண் பகுதியை முதலில் முடித்து, அதை வைஸிலேயே வழுக்கிப் பாருங்கள்.

ஆண் பகுதியின் கூர்முனை

அரத்தால் ஒரு தடவை உரசி மழுக்குங்கள். பெண் பகுதியின் உள்மூலை ஒருநாளும் முழுக்கூராக வராது.

கட்டரை மேசையில் விட்டுப்போவது

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. இந்த உப்புக்காற்றில் கட்டரின் பல்நுனி சீக்கிரமே துரு பிடித்துவிடும். எண்ணெய் தோய்த்த துணியில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.