எலிப் பசை அட்டையில் அணிலோ பூனைக்குட்டியோ மாட்டிக்கொண்டால்

மளிகைக்கடையில் ‘கம் பேட்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கிற பசை அட்டையில் எலிக்கு முன்னால் மாட்டுவது கரப்பானும் எறும்பும். அதைத் தின்ன பல்லி வரும், பல்லி துடிப்பதைப் பார்த்துப் பூனைக்குட்டி பாயும். பால்கனியில் வைத்தால் அணில், மைனா, சிட்டுக்குருவி. தரைத்தள வீடென்றால், மாட்டிய எலியைத் தேடிச் சாரைப்பாம்பு வரும். அந்தப் பசை காயாது. உதற உதற ஒட்டும் இடம்தான் கூடும். தோல் உரியும், கால் முறியும், மூக்கில் அடைத்தால் மூச்சு நின்றுவிடும்.

பார்த்தவுடன் பிடித்து இழுக்காதீர்கள். காப்பாற்ற வந்தவர் இழுப்பதாலேயே பல காயங்கள் வருகின்றன. முதலில் சுற்றியுள்ள வெற்றுப் பசை முழுவதும் மைதாவையோ கோதுமை மாவையோ தூவி மூடுங்கள், முகத்தில் படக்கூடாது. இதைச் செய்யாவிட்டால் ஒரு காலை விடுவிக்கும்போதே இன்னொரு கால் ஒட்டிக்கொள்ளும். அடுத்து, மூக்கை விட்டுவிட்டுக் கண்களை மட்டும் பழைய பருத்தித் துணியால் லேசாக மூடுங்கள். இருட்டானால் துடிப்பு குறையும். உங்கள் கைக்குக் கையுறையோ தடித்த துண்டோ கட்டாயம். பயந்துபோன அணில் பலமாகக் கடிக்கும்.

இனி எண்ணெய். சூரியகாந்தி, கடலை, தேங்காய் எண்ணெய் எதுவானாலும் சரி, அணில் அளவுள்ள உயிருக்கு இரண்டு மூன்று டீஸ்பூன் போதும். மேலே ஊற்றாதீர்கள், மூக்குக்குள் போய்விடும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, உடலும் பசையும் சேர்கிற விளிம்பில் மட்டும் தடவுங்கள். இரண்டு மூன்று நிமிடம் பொறுத்தால் பசை நூல் நூலாக இளகுவது தெரியும். அப்போது ஐஸ்கிரீம் குச்சியை அடியில் மெல்ல நுழைத்துத் தூக்குங்கள். வரவில்லை என்றால் மறுபடி எண்ணெய். மூக்கோ வாயோ ஒட்டியிருந்தால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். விடுபட்ட ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். பல்லி வாலை உதறிவிடும், அதற்குப் பதற வேண்டாம், திரும்ப முளைக்கும். அதன் விரல்களில்தான் கவனம் வேண்டும், தோல் அவ்வளவு மெல்லியது.

மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், நெயில்பாலிஷ் ரிமூவர் எதையும் கிட்டே கொண்டுவராதீர்கள். தோலைப் பொசுக்கும், பூனை நக்கினால் விஷம்.

பறவைக்கு இந்த எண்ணெய் வைத்தியம் ஆகாது. எண்ணெய் ஊறிய இறகு உடற்சூட்டையும் காக்காது, மழையையும் தாங்காது. மாவு தூவி, பறவையைச் சுற்றியுள்ள அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒட்டியபடியே காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். பாம்பு என்றால் தொடவே வேண்டாம்; கதவைச் சாத்திவிட்டு வனத்துறையையோ தீயணைப்பு நிலையத்தையோ கூப்பிடுங்கள்.

பூனைக்குட்டி விடுபட்டபின் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து எண்ணெயைக் கழுவி, நன்றாக அலசித் துவட்டுங்கள். அதுவரை துண்டில் சுற்றி நக்கவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன உயிர்களைக் குளிப்பாட்ட வேண்டாம், துடைத்தால் போதும். பால், தண்ணீர் எதையும் வாயில் புகட்டாதீர்கள்; நுரையீரலுக்குப் போகும். சென்னையில் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேளச்சேரி புளூ கிராஸ் விலங்குநல அமைப்பு இரண்டில் எது பக்கமோ அங்கே காட்டலாம். உங்களைக் கடித்திருந்தால், பிறாண்டியிருந்தால், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பூனை, நாய் என்றால் வெறிநாய்க்கடி ஊசியைத் தள்ளிப்போடவே கூடாது.

கழற்றிய அட்டையை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டால் காக்கையும் தெருநாயும் மாட்டும். மாவால் மூடி, மடித்து, டேப் ஒட்டிப் போடுங்கள். உயிருள்ள எலியோடு தூக்கிப் போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் எதற்காக வந்ததோ அந்தக் கொடுமைதான். அந்தச் சட்டம் வர மாநிலங்களவையில் போராடியவர் நம் ஊர் ருக்மிணி தேவி அருண்டேல். இந்த ஊரிலேயே அட்டை கடைக்குக் கடை தொங்குவதை என்னவென்று சொல்ல!

எலிக்கு என்ன வழி என்றால், ஓட்டையை அடைப்பதுதான். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதும், பெருச்சாளிக் குட்டிக்கும் விரல் பருமன் ஓட்டை தாராளம். சிங்க் குழாய் சுவருக்குள் போகும் இடம், ஏசி குழாய்த் துளை, சமையலறைக் கதவின் அடிச்சந்து மூன்றையும் முதலில் பாருங்கள். கம்பிநாரைத் திணித்து மேலே சிமென்ட் பூசினால் கடித்துத் துளைக்க முடியாது. வெறும் எம்-சீல் மட்டும் வைத்தால் சுரண்டிவிடும். குளியலறைச் சாக்கடை வாய்க்கு இரும்பு வலை போடுங்கள். மழைக்காலத்தில் தெருக் கால்வாய் நிரம்பும்போது அந்த வழியாகத்தான் ஏறி வரும். மிச்சமிருக்கும் ஒன்றிரண்டுக்கு மசால்வடையோ தேங்காய்ச்சில்லோ வைத்த கம்பிக்கூண்டு போதும். சுவரை ஒட்டி, வெயில் படாத இடத்தில் வைத்து, காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பாருங்கள். மொட்டைமாடியில் மறந்துவிட்டால் சென்னை வெயில் மத்தியானத்துக்குள் கொன்றுவிடும்.