பிள்ளையை 'யூகன்ட் முஸிட்ஸியர்ட்' பியானோப் போட்டிக்குத் தயார்படுத்துவது எப்படி

2018 பெப்ரவரியில் நான் ஒரு பெரிய பிழை விட்டேன். மாவட்டப் போட்டியில் மூத்த மகளுக்கு 22 புள்ளி, முதலாம் பரிசு என்று அறிவித்தார்கள். கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே ரொறன்ரோவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ரெலிபோன் எடுத்து, "பிள்ளை அடுத்த சுற்றுக்குப் போறாள்" என்று சொல்லி முடித்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போது மகள் சான்றிதழை நீட்டி, "அப்பா, முதலாம் பரிசுதான். ஆனால் மேலே அனுப்பேல்லை" என்றாள். மேலே போக 23 புள்ளி வேண்டுமாம். அன்றிரவு எல்லோருக்கும் இன்னொரு தடவை எடுத்தேன்.

எனக்கு மேற்கத்திய இசைக்குறிப்பு வாசிக்கத் தெரியாது. சின்ன வயதில் ஊரில் இரண்டு வருடம் மிருதங்கம் பழகியதோடு சரி. இங்கே ஜேர்மனியில் ஒரு பொருட்கிடங்கில் மாறி மாறி வரும் நேரங்களில் வேலை. என்னைப்போல இருந்துகொண்டு பிள்ளையை இந்தப் போட்டிக்குக் கூட்டிப்போக நினைக்கும் தாய்தகப்பனுக்காக இதை எழுதுகிறேன். மூத்தவளோடு தெரியாமல் செய்ததை எல்லாம் 2024இல் இளையவளோடு திருத்திச் செய்தேன். அவள் மாநிலம் வரை போய் மூன்றாம் பரிசோடு வந்தாள்.

முதலில் போட்டியின் அமைப்பு. 'யூகன்ட் முஸிட்ஸியர்ட்' என்றால் 'இளையோர் இசைக்கிறார்கள்' என்று பொருள். ஜேர்மன் இசை மன்றம் 1963 முதல் நடத்திவருவது. மூன்று படி: சனவரி, பெப்ரவரியில் மாவட்டம், மார்ச்சில் மாநிலம், பெந்தகொஸ்தே விடுமுறையை ஒட்டித் தேசிய இறுதி. இறுதிச்சுற்று வருடத்துக்கு ஒரு நகரம். 2024இல் லூபெக், 2025இல் வுப்பர்டால். வயலின் மேதை ஆன்னே சோஃபீ முட்டர் 1970இல் சின்னஞ்சிறுமியாக முதல் பரிசு வாங்கியது இந்தப் போட்டியில்தான்.

புள்ளிதான் நம் ஆட்களைக் குழப்புவது. இது ஓட்டப் பந்தயம் இல்லை. ஒருவர் முதலாவது, மற்றவர் இரண்டாவது என்று வராது. மொத்தம் 25 புள்ளி. மாவட்டத்தில் 21 அல்லது அதற்கு மேல் யார் எடுத்தாலும் முதலாம் பரிசு. ஒரே நாளில் ஆறு பிள்ளைகள் முதலாம் பரிசோடு வீட்டுக்குப் போகலாம். ஆனால் 23இல் இருந்துதான் மாநிலத்துக்கு அனுப்புவார்கள். மேலே போகப்போகக் கை இறுகும். தேசியச் சுற்றில் முதலாம் பரிசுக்கு 24 வேண்டும். வயதும் ஒரு கணக்கு. மிகச் சின்னப் பிள்ளைகளின் பிரிவுகள் மாவட்டத்தோடு முடிந்துவிடும். இரண்டாம் பிரிவு மாநிலம் வரை. மூன்றாம் பிரிவில் இருந்துதான், அதாவது பதின்மூன்று வயது அளவில், தேசியச் சுற்றின் கதவு திறக்கும். பத்து வயதுப் பிள்ளையிடம் "லூபெக் போக வேணும்" என்று சொல்லிப் பயமுறுத்தும் அப்பாக்களை நான் கண்டிருக்கிறேன். அந்தப் பிள்ளை 25 எடுத்தாலும் போக முடியாது.

இன்னொன்று, தனிப் பியானோ ஒவ்வொரு வருடமும் வராது. மூன்று வருடத்துக்கு ஒருமுறைதான். 2018, 2021, 2024 என்று வந்தது, அடுத்தது 2027. அதற்குள் உங்கள் பிள்ளைக்கு எத்தனை வயது, எந்தப் பிரிவு என்று இப்போதே விரல் விட்டு எண்ணுங்கள். இடைப்பட்ட வருடங்களில் பியானோ சும்மா இருக்காது. வயலினோடோ குழலோடோ இரட்டையராக வாசிக்கும் பிரிவுகள் வரும். வேறொரு பிள்ளைக்குப் பக்கவாத்தியமாக வாசிக்கும் பிள்ளைக்கும் வயது பொருந்தினால் தனியாகப் புள்ளி போடுவார்கள். இளையவள் அப்படி ஒரு சிநேகிதிக்கு வாசித்துத்தான் மேடைப் பயத்தைத் தொலைத்தாள். தனியாக ஏறுவதற்கு முன் இதைச் செய்துபார்க்கச் சொல்வேன்.

பதிவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. உருப்படிகளை அதற்கு முந்தைய வசந்தத்திலேயே தெரிவு செய்துவிட வேண்டும். இந்த வேலை ஆசிரியையுடையது, ஆனால் நீங்களும் பக்கத்தில் இருங்கள். இசை வரலாற்றைப் பரோக், கிளாசிக், ரோமான்டிக் என்று காலகட்டங்களாகப் பிரித்து எழுத்துப் போட்டிருப்பார்கள். வேறு வேறு காலகட்டத்திலிருந்து உருப்படிகள் இருக்க வேண்டும். எத்தனை, எவ்வளவு நிமிடம் என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும். அந்த வருட அறிவிப்பை வாசித்துவிட்டுத்தான் ஆசிரியையோடு கதைக்கப் போங்கள்.

மூத்தவளுக்கு நாங்கள் செய்த பிழை இங்கேதான். அவளால் நல்ல நாளில் வாசிக்க முடிந்த மிகக் கடினமான உருப்படியைக் கொடுத்தோம். போட்டி நாள் நல்ல நாளாக அமையவில்லை. இளையவளுக்கு நான் வைத்த விதி: காய்ச்சலோடு, நித்திரை இல்லாமல், இரவல் பியானோவில் வாசித்தாலும் பிழைத்துக்கொள்ளக்கூடிய உருப்படி மட்டும்தான். ஆசிரியை முதலில் முகம் சுளித்தார். பிறகு ஒத்துக்கொண்டார். கடைசியில் தெரிவானவை நான்கு இசையமைப்பாளர்களின் உருப்படிகள்: பாக்கின் சி மைனர் பிரெலூடும் ஃபியூகும், ஹைடனின் ஈ மைனர் சொனாட்டாவின் முதல் பகுதி, பார்ட்டோக்கின் ருமேனிய நாட்டுப்புற நடனங்கள், லிகெட்டியின் 'முசிகா ரிச்சர்காட்டா'வில் ஒன்று.

லிகெட்டியை வீட்டில் முதலில் கேட்டபோது பியானோ பழுதாகிவிட்டது என்று நினைத்தேன். அந்தத் தொகுப்பின் முதல் உருப்படி முழுக்க ஒரே சுரம், 'ஆ' மட்டும்தான். மேலும் கீழும், மெதுவாகவும் வேகமாகவும் அதையே தட்டி, கடைசியில் மட்டும் 'டே' என்ற இரண்டாவது சுரம் வந்து விழும். எங்கள் ஆட்களுக்கு இது புதிதாக இருக்காது. ஒரு சுரத்தை வைத்துக்கொண்டு லயத்தில் விளையாடுவதை நாங்கள் தனியாவர்த்தனத்தில் கேட்டு வளர்ந்தவர்கள். பார்ட்டோக்கின் ஐந்தாவது நடனத்தில் இரண்டும் மூன்றும் கலந்து வரும். மகள் அதில் தடுக்கியபோது பியானோவை மூடச் சொல்லி, குசினி மேசையில் என்னோடு தாளம் போட வைத்தேன். மூன்று நாளில் சரியாகிவிட்டது. குறிப்பு வாசிக்கத் தெரியாத தகப்பன் செய்த ஒரே இசை உதவி அதுதான். (சுரப் பெயரில் கவனம். நமக்குத் தெரிந்த ஆங்கிலப் பெயரில் 'பி' என்பது இங்கே 'ஹா'. இங்கே 'பே' என்றால் அதற்கு அரைச் சுரம் கீழே. யூடியூப்பில் பார்த்துவிட்டு மகளைத் திருத்தப் போய் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

இசைக்குறிப்புப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குங்கள். இசைக்குறிப்பை அனுமதி இல்லாமல் போட்டோகொப்பி எடுப்பதை இந்த நாட்டுச் சட்டம் தடுக்கிறது. கடைசி நேரத்தில் நடுவர் மேசைக்குக் கொப்பியைக் கொண்டுபோய் நெளியாதீர்கள். நீல அட்டை போட்ட ஹென்லே பதிப்பு பாக்குக்கும் ஹைடனுக்கும் போதும். பழைய புத்தகக் கடைகளிலும் கிடைக்கும்.

வீட்டில் பழகும் நேரம் பற்றி. அடுக்குமாடியில் இருந்தால் பக்கத்து வீடு ஒரு நாள் கதவைத் தட்டும். 2018 அக்டோபரில் ஜேர்மனியின் உயர் கூட்டாட்சி நீதிமன்றம் ஒரு ட்ரம்பெட் கலைஞரின் வழக்கில், வீட்டில் வாத்தியம் வாசிப்பதை முழுதாகத் தடுக்க முடியாது என்றது. வேலை நாளில் 2 முதல் 3 மணிநேரம், ஞாயிறும் விடுமுறை நாளும் 1 முதல் 2 மணிநேரம் என்று ஓர் அளவையும் சொன்னது. மத்தியானமும் இரவும் ஓய்வு நேரம், அதைத் தொடாதீர்கள். தீர்ப்பைக் காட்டி வாதாடாமல், டிசம்பரில் ஒரு தட்டு வடையோடு போய், "பெப்ரவரி வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன். கீழ் வீட்டு அம்மா போட்டி நாளை நாட்காட்டியில் குறித்து வைத்தார். இரவுக்கு ஹெட்போன் போட்ட மின்பியானோ உதவும், ஆனால் அதிலேயே முழுதும் பழகினால் பெடல் ஏமாற்றும்.

பெடல் என்றதும் சொல்ல வேண்டியது. வீட்டில் சுவரோடு நிற்கும் பியானோ. அங்கே மேடையில் கிடையாக விரிந்த பெரிய பியானோ. சுவர்ப் பியானோவில் இடது பெடல் சுத்தியல்களைத் தந்திக்குக் கிட்டக் கொண்டுவரும். பெரிய பியானோவில் அதே பெடல் விசைப்பலகை முழுவதையும் பக்கவாட்டில் நகர்த்தும், சத்தத்தின் நிறமே மாறிவிடும். விரல்களுக்குக் கீழே கட்டைகள் நகர்வதை முதன்முதலாகப் போட்டி மேடையில் கண்ட பிள்ளை திடுக்கிடும். மூத்தவள் திடுக்கிட்டாள். ஆகவே நவம்பருக்குப் பிறகு குறைந்தது நான்கு வேறு பெரிய பியானோக்களில் உட்கார வையுங்கள். இசைப் பள்ளி மண்டபம், தேவாலய மண்டபம், பியானோக் கடை, முதியோர் இல்லம், எங்கே கிடைத்தாலும் சரி, கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். முதியோர் இல்லம் மிக நல்லது. நடுவில் ஒருவர் இருமுவார், ஒருவர் எழுந்து போவார், ஒருவர் கூடவே பாடுவார். அதற்குள் வாசிக்கப் பழகின பிள்ளைக்கு நடுவர்கள் பேனா கீறும் சத்தம் ஒன்றும் செய்யாது. பிள்ளைகள் தமிழ் படிக்கும் எங்கள் தமிழாலய மண்டபத்தில் ஒரு பழைய பியானோ இருக்கிறது, சுதி விட்டுப் போனது. அதிலும் வாசித்தாள். "இதிலே வாசிச்சால் எதிலேயும் வாசிக்கலாம்" என்றாள்.

ஒத்திகை என்றால் வாசிப்பு மட்டும் இல்லை. கதவிலிருந்து நடப்பது, வணங்குவது, கதிரை உயரத்தைத் திருகிச் சரிசெய்வது, மூச்சு விடுவது, அப்புறம்தான் முதல் சுரம். மூத்தவள் கதிரையைத் தொடாமலே வாசித்தாள். அவளுக்கு முன் வாசித்தவன் ஆறடிப் பையன். எல்லா உருப்படிகளையும் இடைவெளியோடு சேர்த்து நேரம் அளந்து எழுதி வையுங்கள். அவசரத்தில் வேகம் கூடினாலும் குறைந்தபட்ச நேரத்துக்குக் கீழே போகக்கூடாது.

தைப்பொங்கல் சரியாகப் போட்டிக்கு முன்னால் வரும். அந்த வருடம் பானைக்குக் கிட்டப் போக இளையவளை விடவில்லை. அம்மம்மாவுக்குக் கோபம். விரல் சுட்டால் யார் வாசிப்பது?

போட்டி நாள் உடுப்பு: முழங்கையைப் பிடிக்காதது, ஒருமுறையாவது போட்டு வாசித்துப் பார்த்தது. காப்பு, சங்கிலி வீட்டில். காப்பு கட்டையில் தட்டும் சத்தம் கடைசி வரிசைக்கும் கேட்கும். புதுச் சப்பாத்து வேண்டாம், அடி வழுக்கும். குளிரில் கைகள் விறைக்கும். கையுறையோடு கூட்டிப்போய், மண்டபத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கை கழுவ வையுங்கள். கொஞ்சம் சோறு, ஒரு வாழைப்பழம். வாசித்துப் பார்க்கத் தரும் சில நிமிடங்களில் முழுவதையும் ஓட விடாதீர்கள், ஒவ்வொரு உருப்படியின் தொடக்கமும் மட்டும் போதும். போட்டி பொதுமக்களுக்குத் திறந்தது, உள்ளே இருந்து கேட்கலாம். கைபேசியைத் தூக்கிப் பிடிக்காதீர்கள். தலையும் ஆட்டாதீர்கள், பிள்ளை பார்க்கும். நான் கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருந்தேன்.

முடிந்ததும் நடுவர்களோடு ஓர் ஆலோசனைச் சந்திப்பு உண்டு. புள்ளி போனால் போகட்டும் என்று அதை விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பரிசைவிடப் பெரிது. பிள்ளையின் கையில் ஒரு சின்னக் கொப்பி கொடுங்கள். கேள்வியைப் பிள்ளை கேட்கட்டும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், ஏன் 22 என்று கேட்கவே வேண்டாம். 2018இல் மூத்தவளுக்கு அவர்கள் சொன்னது, சுரங்களை எல்லாம் எண்ணினாய், மௌனங்களை எண்ணவில்லை என்பது. அவள் அதைக் கொப்பியில் எழுதினாள். ஆறு வருடம் கழித்து இளையவள் ஹைடனைப் பழகும்போது, அக்கா அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுவந்து பியானோவில் ஒட்டினாள்.

2024இல் புள்ளி அறிவித்ததும் மகள் முதலில் என் கைபேசியை வாங்கி வைத்துக்கொண்டாள். சான்றிதழை இரண்டு தடவை வாசித்துவிட்டுத்தான் திருப்பித் தந்தாள்.