பழைய பீர் டின் சேகரிப்பு: ஒரே ஆலையோடு தொடங்குங்கள்

புதிதாகச் சேர்க்க வருகிறவர்கள் கண்ணில் படும் டின்னையெல்லாம் வாங்கிக் குவித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு ஊர், ஒரு ஆலை என்று எல்லை போட்டுக்கொள்ளுங்கள். நான் பிடித்துக்கொண்டது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் ப்ரூயிங் கம்பெனி. அவர்களுடைய அயர்ன் சிட்டி பீரின் கதை 1861-இல் தொடங்குகிறது. ஒரே ஆலையின் டின்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான் எழுத்தும் மூடியும் எப்படி மாறி வந்தன என்று புரியும்.

1. மூடியைப் பாருங்கள்

டின்னில் அடைத்த பீர் முதன்முதலில் விற்பனைக்கு வந்தது 1935 ஜனவரியில், வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில். அது நியூஜெர்ஸியின் க்ரூகர் ஆலையில் தயாரானது. அந்தக் காலத்து மூடி தட்டையாக இருக்கும். கூர்முனைத் திறப்பானால் முக்கோண ஓட்டை போட்டுத்தான் குடிக்க வேண்டும். அதே ஆண்டில் வந்த கூம்புத் தலை டின்னுக்கு சோடா பாட்டில் மூடிதான். இழுத்துப் பிய்க்கும் நாக்கு 1962-இல் வந்தது. அதை முதலில் கடைக்குக் கொண்டுவந்தது அயர்ன் சிட்டிதான் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். திறந்த பிறகும் டின்னோடே ஒட்டி நிற்கும் நாக்கு 1975-இலிருந்து.

2. பொடி எழுத்தைப் படியுங்கள்

'இன்டர்னல் ரெவென்யூ டாக்ஸ் பெய்டு' என்று வரி கட்டிய குறிப்பு இருந்தால், டின் 1950 மார்ச்சுக்கு முன் அச்சானது. கர்ப்பிணிகளுக்கான அரசு எச்சரிக்கை இருந்தால் 1989 அல்லது அதற்குப் பின். விளம்பரத் தட்டு, போர்டு வாங்கும்போது முகவரியைத் தேடுங்கள். 1940-களின் தட்டு என்று ஒரு வியாபாரி சொன்னதை நம்பி வாங்கி வந்தேன். வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், விளிம்போரம் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ஐந்து இலக்க ஜிப் எண், அதாவது அமெரிக்க பின்கோடு! அந்த எண்ணே 1963-இல்தான் வந்தது. அன்றிலிருந்து பூதக்கண்ணாடி இல்லாமல் சந்தைக்குப் போவதில்லை.

3. மலிவானதை முதலில் வாங்குங்கள்

1970-களில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி, அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை நான்கு முறை வென்ற காலத்தில் வந்த அயர்ன் சிட்டி டின்கள் இன்றும் சுலபமாகக் கிடைக்கின்றன. கை பழக அவை போதும். அப்புறம் ஓல்டு ஃப்ராதிங்ஸ்லாஷ். ரெஜ் கார்டிக் என்ற வானொலி அறிவிப்பாளர், நுரை அடியில் நிற்கும் பீர் என்று வேடிக்கையாகச் சொல்லிவந்த கற்பனைப் பீர் அது. ஆலை அதை நிஜமாகவே டின்னில் அடைத்து விற்றது. என் அலமாரியில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

4. துருவை எடுக்கும்போது பதறாதீர்கள்

முதலில் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்புத் தகரம். வெதுவெதுப்பான நீரில் ஆக்ஸாலிக் அமிலத்தைக் கொஞ்சமாகக் கரைத்து டின்னை ஊறவைத்தால் துரு விடும். அது விஷம், கையுறை போடுங்கள், சமையலறைப் பாத்திரம் வேண்டாம். சில சாயங்கள் வெளுத்துவிடும். அதனால் உதவாத டின் ஒன்றில் சோதித்துவிட்டு, நல்லதை அடிக்கடி எடுத்துப் பாருங்கள். பிறகு நன்றாக அலசி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும்.

பீரோடு கிடைத்த டின்னை அப்படியே வைக்காதீர்கள். நாளாக ஆகத் தகரம் அரித்து ஒழுகி, பக்கத்து டின்னையும் கெடுக்கும். அடியில் இரண்டு சின்ன ஓட்டை போட்டு வடித்துவிடுங்கள். மேல்மூடியைத் தொட வேண்டாம். அலமாரியை வெயில் படாத சுவரோரம் வையுங்கள்.