ரெவிட்டில் 600 டைல் போடுவது எப்படி? ஃபில் பேட்டர்ன் முதல் பாடம்

கட்டட வரைபட மென்பொருளான ரெவிட்டைப் பழகும் புதிதில் பலரும் இடறுகிற இடம் இது. தரைக்கு ஃபில் பேட்டர்னில், அதாவது பரப்பை நிரப்பும் கோட்டு வடிவத்தில், டைல் கோடு போட்டிருப்பார்கள். 1:100 பிளானில் கச்சிதமாக இருக்கும். அதே பிளானை 1:50க்கு மாற்றினால் 600 மி.மீ. டைல் 300 ஆகிவிடும். கணக்கில் தப்பில்லை, பேட்டர்ன் வகையில்தான் தப்பு.

டிராஃப்டிங் பேட்டர்ன் தாளுக்குச் சொந்தம். 6 மி.மீ. இடைவெளி கொடுத்தால் எந்த ஸ்கேலிலும் அச்சில் 6 மி.மீ.தான். இது கான்கிரீட், இது மண் என்று காட்டும் குறியீடுகளுக்கு அது போதும். மாடல் பேட்டர்ன் கட்டடத்துக்குச் சொந்தம். 600 என்றால் சைட்டிலும் 600. டைல், செங்கல், மரப்பலகைக்கு இதுதான்.

படி 1: மேனேஜ் டேப், அடிஷனல் செட்டிங்ஸ், ஃபில் பேட்டர்ன்ஸ். முதலில் ‘மாடல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள், பிறகு நியூ. பேசிக் பிரிவில் கிராஸ்ஹேட்ச், கோணம் 0, இரண்டு இடைவெளியும் 600. பெயர் ‘டைல் 600’.

படி 2: மேனேஜ் டேப்பிலேயே மெட்டீரியல்ஸ். ஏதாவது ஒரு மெட்டீரியலை டூப்ளிகேட் செய்து, கிராஃபிக்ஸ் பகுதியில் சர்ஃபேஸ் பேட்டர்னின் ஃபோர்கிரவுண்டில் ‘டைல் 600’ கொடுங்கள். கீழே உள்ள கட் பேட்டர்னில் மாடல் வகையைத் தேடாதீர்கள். அங்கே டிராஃப்டிங் மட்டும்தான்.

படி 3: ஃப்ளோரைத் தேர்ந்தெடுத்து எடிட் டைப், டூப்ளிகேட், பிறகு ஸ்ட்ரக்சரில் மேல் அடுக்குக்கு இந்த மெட்டீரியல். டூப்ளிகேட்டை விட்டுவிட்டால் அதே டைப்பில் உள்ள எல்லாத் தரைக்கும், மொட்டை மாடி உட்பட, டைல் ஒட்டிவிடும்.

படி 4: கோடுகளை நகர்த்துவது. பலர் இதைச் செய்வதே இல்லை; எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

பத்துக்குப் பன்னிரண்டு அறையை எடுத்துக்கொள்வோம். 10 அடி என்பது 3048 மி.மீ. சுவரை ஒட்டி முழு டைலாக ஆரம்பித்தால் ஐந்து டைல் 3000 போக, எதிர்ச்சுவரில் 48 மி.மீ. துண்டு மிஞ்சும். அந்தச் சீவலை வெட்டச் சொன்னால் டைல் மேஸ்திரி முகத்தைப் பார்க்க முடியாது. நடுவில் நான்கு முழு டைல் வைத்தால் மீதி 648; இரண்டு பக்கமும் ஆளுக்கு 324. பாதி டைலுக்கு மேலேயே கிடைக்கிறது. 12 அடிப் பக்கமும் அப்படியே: ஐந்து முழு டைல், இரு ஓரமும் 329.

ரெவிட்டில் செய்ய, அலைன் கட்டளையை எடுத்து முதலில் சுவர் முகத்தையும், பிறகு டைல் கோட்டையும் சொடுக்குங்கள். கோடு பிடிபடாவிட்டால் அதன்மேல் மவுஸை வைத்து டேப் விசையைத் தட்டுங்கள். வரும் பூட்டை மூட வேண்டாம். பின் அதே கோட்டைத் தேர்ந்தெடுத்து மூவ் கட்டளையில் 324 உள்ளே தள்ளுங்கள். தரை அசையாது, கோடுகள் மட்டும் நகரும். மற்ற பக்கத்துக்கு 329.

சைட்டில் 2 மி.மீ. ஸ்பேசர் வைக்கப் போகிறார்கள் என்றால் இடைவெளியை 602 ஆக்கி, ஓரக் கணக்கை மறுபடி போடுங்கள்.

செங்கல் கட்டுக்கு இந்த கிராஸ்ஹேட்ச் உதவாது, வரிசைக்கு வரிசை இணைப்பு விலக வேண்டுமே. அதற்கு கஸ்டம் பிரிவில் பேட் ஃபைலை (பேட்டர்ன் எழுதி வைத்த .pat ஃபைல்) இறக்க வேண்டும். ஆட்டோகேடுக்கு எழுதிய ஃபைல் என்றால் அதற்குள் ‘மாடல்’ என்ற வகை வரி இருக்கிறதா என்று நோட்பேடில் திறந்து பாருங்கள். இல்லையென்றால் ரெவிட் அதை மாடல் பேட்டர்னாக ஏற்காது.