10 மில்லி ரத்தத்திலிருந்து டி செல்லைப் பேசவைப்பது எப்படி

எங்கள் லேபில் புதிதாகச் சேரும் ஆராய்ச்சி மாணவர்களுக்கு முதல் வாரம் நான்தான் வாத்தியார். பதினோரு வருடமாகக் காசநோயாளிகளின் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, கிருமியின் துண்டைக் காட்டினால் அவை என்ன செய்கின்றன என்று பார்ப்பது என் வேலை. ஒவ்வொரு ஜூலையும் அதே கதையை வாயால் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்று தெரிய வேண்டும். காசநோய்க் கிருமி நுரையீரலில், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்லுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். அந்தக் குடித்தனத்தைக் கலைக்கும் தெம்பை மேக்ரோஃபேஜுக்குக் கொடுப்பது, பெரும்பாலும் சிடி4 டி செல் (சிடி4 அடையாளம் உள்ள ஒரு வகை வெள்ளணு) சுரக்கும் இன்டர்ஃபெரான்-காமா என்ற சமிக்ஞைப் புரதம். ஹெச்ஐவியால் சிடி4 குறைந்தவர்களைக் காசநோய் சுலபமாகப் பிடிக்கிறது. மூட்டுவாதத்துக்காக டிஎன்எஃப் என்ற இன்னொரு சமிக்ஞைப் புரதத்தை அடக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு, உறங்கிக் கிடந்த கிருமி எழுந்துவிடுகிறது. இன்டர்ஃபெரான்-காமா பாதையில் பிறவிக் குறை உள்ள குழந்தைக்கு, வலுக்குறைத்த உயிருள்ள கிருமியான பிசிஜி தடுப்பூசியே நோயாக மாறலாம். ஆகவே 'இந்த நோயாளியின் டி செல் எவ்வளவு சுரக்கிறது' என்பது நியாயமான கேள்வி. ஆனால் பதில் வருவது நோயாளியின் உடம்பிலிருந்து மட்டுமா, நம் கையிலிருந்துமா என்பதில்தான் எல்லாரும் ஏமாறுகிறோம்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கிய பிறகே ஊசி. குழாய், ரத்தம் உறையாமல் வைக்கும் பச்சை மூடி ஹெப்பாரின் குழாயாக இருக்கட்டும். ஊதா மூடி இடிடிஏ குழாய் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டி செல் விழித்துக்கொள்ளக் கால்சியம் வேண்டும். அதே ரத்தத்தில், மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரும் செய்யப் போகிறீர்கள் என்றால் அதற்கு மட்டும் தனியாக ஒரு ஊதா குழாய், ஏனென்றால் ஹெப்பாரின் பிசிஆரைக் கெடுக்கும். எடுத்த நேரத்தைக் குழாயின் மேலேயே எழுதுங்கள். நோட்டில் அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றால் எழுத மாட்டீர்கள்.

ரத்தத்தை ஐஸில் வைக்காதீர்கள். இதைப் பெரிய எழுத்தில் எழுதக் காரணம் நான்தான். சேர்ந்த இரண்டாம் வருடம், வெளியூர் முகாமிலிருந்து சாம்பிள் வர வேண்டியிருந்தது. வெயில் காலம், 'ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கள்' என்று போனில் சொன்னது நான். ஐந்து மணி நேரம் வேனில் வந்தது. பிரித்தோம், தட்டில் போட்டோம். நோயாளிகளின் செல் ஒன்றும் பேசவில்லை, அதாவது இன்டர்ஃபெரான்-காமா சுரக்கவில்லை. லேபில் நாங்களே கொடுத்த ரத்தம், அதாவது 'ஆரோக்கியமான' ஒப்பீட்டு ரத்தம், பிரமாதமாகப் பேசியது. நோய் முற்றியதால் டி செல் சோர்ந்துவிட்டது என்று படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, கூட்டத்தில் காட்டவும் செய்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு சீனியர் அக்கா கேட்டார்: "உங்க ரத்தம் வேன்ல வந்துச்சா?"

அடுத்த வாரம் என் ரத்தத்தையே இரண்டு குழாயில் எடுத்தேன். ஒன்றை உடனே பிரித்தேன். இன்னொன்று ஐஸ் பெட்டியில் ஐந்து மணி நேரம். இரண்டாவது குழாயில் நானே நோயாளி மாதிரி தெரிந்தேன்.

குளிரிலும், நீண்ட காத்திருப்பிலும் நியூட்ரோஃபில்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் கலவரப்பட்டு அடர்த்தி குறைகின்றன. பிரிக்கும்போது அடியில் போக வேண்டியவை மேலே தங்கி, டி செல்லோடு கலந்து அதன் வாயை அடைக்கின்றன. அறை வெப்பத்தில் வையுங்கள், முடிந்தால் 8 மணி நேரத்துக்குள் பிரியுங்கள். சித்திரை மாதத்து அறை வெப்பம் அல்ல, 20 முதல் 25 டிகிரி. வேனில் ஏசி இல்லையென்றால் தெர்மோகோல் பெட்டியில், ஐஸ் போடாமல்.

சரி, பிரிப்பதற்கு வருவோம். இந்த முறையை 1968-இல் வெளியிட்டவர் நார்வே நாட்டு ஆர்னே பெயூம். ஃபைக்கால் என்ற சர்க்கரைச் சேர்மம் கலந்த திரவம், அடர்த்தி ஒரு மில்லிக்கு 1.077 கிராம். டி செல்லும், மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளணுவும் அதைவிட லேசு, மிதக்கும். சிவப்பணுவும் நியூட்ரோஃபிலும் கனம், மூழ்கும். அவ்வளவுதான் விஷயம். அந்த 1.077 என்பது 20 டிகிரியில் உள்ள கணக்கு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஃபைக்காலை அப்படியே ஊற்றினால் அடர்த்தி கூடி, மூழ்க வேண்டியதெல்லாம் முழுதாக மூழ்காது. காலையில் வந்ததும் பாட்டிலை வெளியே எடுத்து வையுங்கள், அப்புறம் டீ குடிக்கப் போங்கள்.

10 மில்லி ரத்தத்தோடு 10 மில்லி பிபிஎஸ் என்ற உப்புக் கரைசல் கலந்துகொள்ளுங்கள். 50 மில்லி குழாயில் 15 மில்லி ஃபைக்கால். இப்போது லேயர் பண்ணுவது. ஃபைக்கால் குழாயை இடது கையில் நன்றாகச் சாய்த்துப் பிடியுங்கள், கிட்டத்தட்டப் படுக்கும் அளவுக்கு. பைப்பெட்டின் நுனி குழாயின் உள்சுவரைத் தொட வேண்டும், திரவத்தை அல்ல. முதல் ஒரு மில்லிதான் உயிர். சொட்டுச் சொட்டாகச் சுவரில் வழியவிடுங்கள். ஃபைக்கால் மேல் ஒரு சிவப்புத் தோல் படியும். அது விளிம்பு முழுக்கப் பரவியதும் கொஞ்சம் வேகம் கூட்டலாம், மெல்லக் குழாயை நிமிர்த்தலாம். இந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் திரும்பாதீர்கள். தோளைத் திருப்பினால் கையும் திரும்பும், "அக்கா, கலங்கிடுச்சு" என்று என்னிடம் வருவீர்கள். கலங்கினால் தூக்கிப் போட வேண்டாம். பிபிஎஸ் நிறைய சேர்த்து, சுழற்றி, செல்லை அடியில் இறக்கி, புது ஃபைக்காலில் மறுபடி ஆரம்பிக்கலாம். நேரம்தான் போகும்.

சுழற்றும் மெஷினான சென்ட்ரிஃபியூஜில் 400 ஜி (புவியீர்ப்பின் 400 மடங்கு), 30 நிமிடம், 20 டிகிரி, ப்ரேக் சுத்தமாக ஆஃப். ஜி வேறு, ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வேறு. ஆர்பிஎம்மின் வர்க்கத்தை ரோட்டரின் சென்டிமீட்டர் ஆரத்தாலும் 0.00001118-ஆலும் பெருக்கினால் ஜி வரும். 17 செ.மீ. ஆரம் உள்ள எங்கள் பெரிய மெஷினில் 400 ஜிக்கு ஏறக்குறைய 1450 சுற்று. அதே 1450-ஐ 10 செ.மீ. ஆரம் உள்ள சின்ன மெஷினில் போட்டால் 235 ஜிதான். ப்ரேக் பற்றி மூடியிலேயே தாள் ஒட்டியிருக்கிறேன். ப்ரேக் போட்டால் அடுக்குகள் குலுங்கிக் கலந்துவிடும். தானாக நிற்கப் பத்து நிமிடம் ஆகும், பொறுங்கள்.

வெளியே எடுத்தால் மேலே மஞ்சள் பிளாஸ்மா, அதன் கீழே வடிகஞ்சி நிறத்தில் மெல்லிய வளையம், அப்புறம் தெளிந்த ஃபைக்கால், அடியில் சிவப்பு. நமக்கு வேண்டியது அந்தக் கஞ்சி வளையம். பாஸ்டர் பைப்பெட்டின் நுனியைச் சுவரோரம் வட்டமாக நகர்த்தி உறிஞ்சுங்கள். பேராசைப்பட்டு ஃபைக்காலையும் அள்ளினால் அடுத்த சுழற்றலில் செல் கீழே இறங்காது. பிபிஎஸ்ஸில் ஒருமுறை 300 ஜி, 10 நிமிடம். இன்னொருமுறை 200 ஜி, பிளேட்லெட்டைக் கழித்துவிட. கடைசியில் 10 மில்லி மீடியத்தில் கரைத்து, அதில் 10 மைக்ரோலிட்டரோடு அதே அளவு ட்ரைப்பன் ப்ளூ சேர்த்து எண்ணுங்கள். நீலமானது செத்தது. ஹீமோசைட்டோமீட்டரின் நான்கு மூலைக் கட்டங்களில் மொத்தம் 240 உயிருள்ள செல் என்றால் சராசரி 60. சாயம் சரிபாதி என்பதால் 2-ஆலும், ஒரு கட்டம் மில்லியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்பதால் 10,000-ஆலும் பெருக்கினால் மில்லிக்கு 12 லட்சம், 10 மில்லிக்கு 1 கோடியே 20 லட்சம். ஒரு மில்லி ரத்தத்துக்கு 10 முதல் 20 லட்சம் வந்தால் கை நன்றாக இருக்கிறது. எண்ணிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மோனோசைட் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது எலிஸ்பாட் தட்டு, சுரக்கும் செல்லைப் புள்ளியாகக் காட்டும் குழித் தட்டு. குழிக்கு 2.5 லட்சம் செல். ஒரு குழியில் வெறும் மீடியம், ஒன்றில் காசநோய்க் கிருமியின் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற புரதங்களின் துண்டுகள் (பெப்டைடுகள்), ஒன்றில் எந்த டி செல்லையும் தூண்டிவிடும் பிஎச்ஏ. ஈசாட்-6 ஏன் என்றால், பிசிஜி கிருமியில் அது இல்லை. நம் ஊரில் பிறந்ததும் பிசிஜி போடுகிறோம். அதைக் கழித்துப் பார்க்க இது வேண்டும். 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, 16 முதல் 20 மணி நேரம். இடையில் இன்குபேட்டரைத் திறந்து தட்டை நகர்த்தினால் புள்ளிகள் வால் நட்சத்திரம் மாதிரி இழுபடும்.

மறுநாள் ஒவ்வொரு புள்ளியும் இன்டர்ஃபெரான்-காமா சுரந்த ஒரு செல். முதலில் பிஎச்ஏ குழியைப் பாருங்கள், உங்களுக்கு வேண்டிய குழியை அல்ல. அங்கே புள்ளி நெருக்கியடித்து இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆளின் முடிவு 'நெகட்டிவ்' அல்ல, 'சொல்ல முடியாது'. இந்த இரண்டையும் ஒன்றாக எழுதிய நோட்டுப் புத்தகங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்று: பாசிட்டிவ் வந்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்றுதான் அர்த்தம். உறங்குகிறதா, நோயாகிவிட்டதா என்று இந்தத் தட்டுக்குத் தெரியாது.

நோயாளிக்குப் புள்ளி குறைவு என்றால் உடனே 'செல் சோர்வு' என்று எழுதாதீர்கள். நோய் முற்றியவர்களின் ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கையே குறைந்திருக்கலாம். உதாரணத்துக்கு, ஆரோக்கியமானவரின் 2.5 லட்சத்தில் 40 சதவீதம் சிடி4 என்றால் 1 லட்சம். நோயாளிக்கு 25 சதவீதம் என்றால் 62,500. ஒவ்வொரு செல்லும் ஒரே மாதிரி வேலை செய்தாலும் புள்ளி குறையும். அதனால் மிச்சத்தில் கொஞ்சம் செல்லை, செல்லின் மேலுள்ள அடையாளத்தை வைத்து எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டி, சிடி3 (டி செல்), சிடி4, சிடி14 (மோனோசைட்) எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அடியில் தூக்கிப் போட்ட நியூட்ரோஃபிலையும் மறக்க வேண்டாம். 2010-இல் லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் நோயாளிகளின் முழு ரத்தத்தைப் பார்த்த ஆய்வில், காசநோயின் தனி அடையாளம் முக்கியமாக அந்த நியூட்ரோஃபிலில்தான் இருந்தது. ஃபைக்காலோடு நின்றிருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது.

ஒப்பீட்டுக்கு யாரை எடுப்பது? ஹாஸ்டல் பிள்ளைகளின் ரத்தம் சுலபமாகக் கிடைக்கும். அதனாலேயே எனக்குப் பிடிக்காது. செங்கல்பட்டுப் பகுதியில் 1968-இல் தொடங்கிய பெரிய பிசிஜி பரிசோதனையில், பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை. மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள மைக்கோபாக்டீரியாக்களை அங்கே எல்லாருடைய உடம்பும் முன்பே பார்த்திருந்தது அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். ஒருவர் வாழும் மண்ணே அவர் டி செல்லை மாற்றும் என்றால், நெல் வயலில் நிற்பவருக்கு ஹாஸ்டல் பையன் எப்படி ஒப்பாவான்? அதே ஊர், அதே வயது, அதே காலையில் எடுத்த ரத்தம். வீட்டில் உடன் இருப்பவர்களையும் எடுக்கலாம், ஆனால் அவர்கள் கிருமியோடு பழகியவர்கள். தனிக் குழுவாக வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ரத்தம் பட்ட எதுவும் 1 சதவீத ஹைப்போகுளோரைட்டில் அரை மணி நேரம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்ட சீட்டைக் காட்டினால்தான் ரத்தத்தைக் கையாளும் பாதுகாப்புக் கேபினட் பக்கமே விடுவேன். நோட்டில் மூன்று நேரம் எழுதுங்கள்: ரத்தம் எடுத்தது, சுழற்ற ஆரம்பித்தது, பெப்டைடு போட்டது. நோயாளிக்கும் ஒப்பீட்டு ஆளுக்கும் முதல் இரண்டுக்கும் இடைப்பட்ட நேரம் ஒரு மணிக்கு மேல் வித்தியாசப்பட்டால், கிராஃப் போடுவதற்கு முன்னால் என்னிடம் கொண்டு வாருங்கள்.